விமான நிலையங்கள்: திறப்பு விழா போதாது, பாதுகாப்பு வேண்டும்

2024 ஜூன் 27, 28, 29 ஆகிய மூன்று நாட்களில் நாட்டின் மூன்று விமான நிலையங்களில் முகப்புக் கூரைகள் அடுத்தடுத்துச் சரிந்தன. மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் மழைநீர் தேங்கிய கூரை கிழிந்து, கீழே நின்ற கார் நசுங்கியது. மறுநாள் அதிகாலை தில்லி விமான நிலைய முதலாவது முனையத்தின் முகப்புக் கூரை இரும்புத் தூண்களோடு விழுந்ததில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். அதற்கடுத்த நாள் குஜராத்தின் ராஜ்கோட்டிலும் இதேபோல் கூரை சரிந்தது.

ஜபல்பூரில் சுமார் 450 கோடி ரூபாய் செலவில் எழுந்த புதிய முனையத்தைப் பிரதமர் திறந்துவைத்தது 2024 மார்ச் 10 அன்று. ஆறு நாட்கள் கழித்துத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. ராஜ்கோட் விமான நிலையம் அவரால் திறந்துவைக்கப்பட்டு அப்போது ஓராண்டுகூட நிறைவடைந்திருக்கவில்லை. கனமழையைக் காரணம் காட்டுவது ஏற்கத்தக்கதல்ல. பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. அதைத் தாங்குவதற்காகவே கூரை போடப்படுகிறது.

தில்லியில் விழுந்தது 2009இல் திறக்கப்பட்ட பழைய பகுதி என்று ஒன்றிய அமைச்சர் விளக்கமளித்துள்ளார். உண்மைதான். ஆனால் அந்த விளக்கம் வேறொரு கேள்வியை எழுப்புகிறது. தில்லி விமான நிலையம் 2006இல் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதை எதிர்த்து விமான நிலைய ஆணைய ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இடதுசாரிகள் அவர்களுக்குத் துணை நின்றனர். தனியார்மயம் திறமையையும் தரத்தையும் கொண்டுவரும் என்று அன்று வாதிட்டவர்கள், 15 ஆண்டுகளாக அந்தக் கூரையைப் பரிசோதித்தது யார் என்று இன்று பதில் சொல்ல வேண்டும்.

உயிரிழந்தவர் விமானத்தில் பறக்க வந்தவரல்ல. பிழைப்புக்காக முனைய வாசலில் நின்ற வாடகைக் கார் ஓட்டுநர். ஓட்டுநர்கள், சுமை தூக்குவோர், துப்புரவுத் தொழிலாளர்கள், வழியனுப்ப வரும் உறவினர்கள் எனப் பெருங்கூட்டம் நிற்கும் இடம் முனையத்தின் முகப்பு. திட்டமிடுவோருக்கோ அது அலங்காரம் காட்டும் இடமாக இருக்கிறது. நெரிசல் நேரத்தில் எத்தனை பேர் கூடுவர், மழைநீர் எவ்வழியே வடியும், ஆபத்து நேர்ந்தால் மக்கள் எப்பக்கம் வெளியேறுவர், ஆம்புலன்ஸ் எங்கே வந்து நிற்கும் என்பவையே திட்டத்தின் தொடக்கமாக இருக்க வேண்டும்.

இடம் இல்லையேல் பாதுகாப்பும் இல்லை என்பதைக் கேரளத்தின் கரிப்பூர் உணர்த்தியது. 2020 ஆகஸ்ட் 7 அன்று அங்கு ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்த விமானத்தில் வந்த 21 பேர் மாண்டனர். ஓடுபாதையின் முனையில் 240 மீட்டர் பாதுகாப்புப் பகுதி தேவை என்ற நிலையில், ஓடுபாதையையே குறுக்கிவிடலாம் என்ற யோசனைதான் முதலில் முன்வைக்கப்பட்டது. இடது ஜனநாயக முன்னணி அரசு நிலம் கையகப்படுத்தி ஒப்படைத்த பிறகே அது கைவிடப்பட்டது.

சிறு நகரங்களை வான்வழியே இணைப்பதாகப் பறைசாற்றப்பட்ட உடான் திட்டத்தின் நிலை என்ன? முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403இல் சேவை தொடங்கப்படவே இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை கூறுகிறது. சலுகைக் காலம் முடிந்த பின்னும் நீடித்தவை 54 மட்டுமே. இந்நிலையில், பொதுப்பணத்தில் கட்டப்பட்ட 25 விமான நிலையங்களைப் பணமாக்கல் திட்டத்தின்கீழ் தனியாருக்குக் குத்தகைக்கு விட ஒன்றிய அரசு 2021இல் பட்டியல் போட்டது.

இழப்பீடு அறிவிப்பதோடும், சில நாட்களில் அவசர ஆய்வு முடிக்கச் சொல்லி உத்தரவிடுவதோடும் அரசின் பொறுப்பு முடிந்துவிடாது. மூன்று விபத்துகள் குறித்தும் சுதந்திரமான விசாரணை நடத்தி, அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். தரக்குறைவுக்குக் காரணமான ஒப்பந்ததாரர்களும், சான்றளித்த அதிகாரிகளும், பராமரிக்கத் தவறிய நிறுவனங்களும் தண்டிக்கப்பட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன் கட்டமைப்பு ஆய்வு கட்டாயமாக்கப்பட வேண்டும். நிரந்தரப் பணியாளர்களைக் கொண்ட வலுவான பொதுத்துறை ஆணையமே இதை உறுதிசெய்ய இயலும். விமான நிலையங்களைத் தாரைவார்க்கும் திட்டத்தை ஒன்றிய அரசு உடனடியாகக் கைவிட வேண்டும்.