சம்பளம் தள்ளுபடி, சாப்பாட்டுக்கு?

காலை 7 மணி. கடத்தூரில் பஸ்சுக்காகக் கல்லூரிப் பிள்ளைகள் காத்து நிற்கிறார்கள். சிலர் தர்மபுரிக்குப் போகிறவர்கள். சிலர் பாப்பிரெட்டிப்பட்டிக்கு. இன்னும் சிலர் அரூருக்கு. பொம்மிடி போய், அங்கே ரெயில் பிடித்துச் சேலம் போகிறவர்களும் உண்டு.

எல்லோர் தோளிலும் பை இருக்கிறது. எல்லாப் பையிலும் சாப்பாடு இருக்கிறதா?

கடத்தூர் வட்டாரம் மானம் பார்த்த பூமி. மரவள்ளியும் மஞ்சளும் வெற்றிலையும் விளைகிற இடம்தான். ஆனால் மழை தவறினால், ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கிளம்பிவிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு கூலிக்காரர் மகன் பிளஸ்-2 தேறிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் முன்னால் இரண்டு பாதை. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனால் முதல் வாரமே கூலி கைக்கு வரும். காலேஜுக்குப் போனால் 3 ஆண்டுக்கு ஒரு காசு வராது. வீட்டில் இருந்து போகும்!

என்ன செலவு?

"அரசு கலைக் கல்லூரியில்தான் சம்பளம் கிடையாதே! பிறகு என்ன செலவு?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கேள்வி சரிதான். அரசுக் கல்லூரியில் பி.ஏ., பி.எஸ்சி. படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அரசு பஸ்சில் போக இலவசப் பாஸ் உண்டு. ஆனால் அரசு பஸ் வராத நேரத்தில் தனியார் பஸ்தான் வரும். அதில் பாஸ் செல்லாது. தேர்வுக் கட்டணம் உண்டு. புத்தகம், நோட்டு, இரண்டு நல்ல சட்டை, செல்போனுக்கு ரீசார்ஜ். எல்லாவற்றுக்கும் மேலே மதியச் சாப்பாடு.

இன்னொரு செலவு இருக்கிறது. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. பையன் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் கூலி! ஏழை வீட்டில் அதுதான் பெரிய செலவு.

பள்ளிக்கூட விஷயத்தில் இந்தச் சங்கதி அந்தக் காலத்திலேயே புரிந்துவிட்டது. காமராஜர் முதல்-அமைச்சராக இருந்தபோது, "சம்பளம் வேண்டாம்" என்று சொல்வதோடு நின்றுவிடவில்லை. 1956-ல் மதிய உணவும் போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெருக்கினார். 2022-ல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஆனால் சத்துணவு 10-ம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 18 வயதுப் பிள்ளைக்குப் பசிக்காதா?

கணித மேதை ஓடிய கதை

"நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு உபகாரச் சம்பளம் கொடுத்தால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. இதற்குக் கும்பகோணத்தில் பதில் இருக்கிறது.

1904-ம் ஆண்டு. துணிக்கடைக் கணக்கர் ஒருவரின் மகன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தான். உபகாரச் சம்பளமும் கிடைத்தது. பையனுக்குக் கணக்கு என்றால் உயிர். மற்ற பாடங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதிப்பெண் குறைந்தது. உபகாரச் சம்பளம் நின்றது. அது நின்றதும், கல்லூரிச் சம்பளம் கட்ட வீட்டில் வழி இல்லை. 1905-ல் பையன் வீட்டைவிட்டே ஓடினான். விசாகப்பட்டினம் வரை போய்விட்டான்!

அந்தப் பையன்தான் கணித மேதை ராமானுஜம்.

பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிலும் அவர் தேறவில்லை. 1913-ல்தான் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் உதவித் தொகை கொடுத்தது. உலகம் அவரைக் கண்டுகொண்ட பிறகு!

மதிப்பெண்ணுக்குக் கொடுக்கிற பணம் பரிசு. பரிசு கொடுப்பது நல்லதுதான். ஆனால் அந்த வீட்டு வறுமை மதிப்பெண்ணைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. மகன் மார்க் குறைந்தான் என்பதற்காக, துணிக்கடைக்காரர் அப்பாவுக்குச் சம்பளம் கூட்டியா கொடுத்தார்?

அமெரிக்காவில் 1972-ல் ஒரு திட்டம் வந்தது. இன்று அதற்குப் பெல் மானியம் என்று பெயர். பட்டப் படிப்பில் சேருகிற பிள்ளையின் வீட்டு நிலவரத்தைப் பார்த்துப் பணம் கொடுக்கிறார்கள். வசதி குறையக் குறையத் தொகை கூடும். 2024-25 கல்வி ஆண்டில் அதிக அளவு 7,395 டாலர். திருப்பிக் கட்ட வேண்டாம். இங்கிலாந்தும் இப்படிக் கொடுத்து வந்த நாடுதான். 2016-ல் அதை நிறுத்திக் கடனாக மாற்றியது. கடன் வேறு, உதவி வேறு. ஏற்கெனவே கடனில் இருக்கிற வீட்டுக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தியாவிலும் இது புதிதல்ல. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்குப் பள்ளிக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித் தொகை 1944-லேயே தொடங்கிவிட்டது. அப்போது டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினர். அவர் அமெரிக்கா போய்ப் படித்ததே பரோடா மகாராஜா கொடுத்த பணத்தில்தான்.

ஏழை என்று யார் சொல்வது?

வருமானம் பார்த்துத்தான் உதவி என்றால் வருமானச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று அது நான்கு படி ஏறி வர வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு வருமானம் காகிதத்தில் இருக்கிறது. கூலிக்காரருக்கு எதில் இருக்கிறது? சான்றிதழுக்காக ஒரு நாள் அலைந்தால் அன்றைய கூலியும் போச்சு! "நான் ஏழை" என்று நிரூபிக்க ஏழைதான் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் ஒரு சாமர்த்தியமான வழி கண்டார்கள். 2022 செப்டம்பர் 5-ந் தேதி, அன்றைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 'புதுமைப் பெண்' திட்டத்தைத் தொடங்கினார். 6-ம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டு 9-ந் தேதி 'தமிழ்ப் புதல்வன்' என்று பையன்களுக்கும் வந்தது. வருமானம் எவ்வளவு என்று கேட்கவில்லை. எந்தப் பள்ளியில் படித்தாய் என்று மட்டும் கேட்டார்கள். அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பது ஊருக்கே தெரியும். நடுவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒன்றிரண்டு வாங்கினால் வாங்கிப் போகட்டும். அரசுப் பள்ளியை நம்பியதற்கு அது கூலி!

புதுமைப் பெண்ணுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. முன்பு அந்த இடத்தில் இருந்தது மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரால் நடந்த திருமண உதவித் திட்டம். தாலிக்கு என்று போன பணம் படிப்புக்குத் திரும்பியது. இளம் வயதுத் திருமணத்துக்குப் பெயர் கெட்ட தர்மபுரி மாவட்டத்தில் இது சின்ன மாறுதல் அல்ல. 3 ஆண்டுப் படிப்புக்கு 36,000 ரூபாய். "இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும்" என்று அம்மா சொல்லுவதற்கு அது ஒரு பிடிமானம்.

குறையும் இருக்கிறது. கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்த கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பணம் இல்லை. அவர்களுக்கு மட்டும் வருமானம் பார்த்துக் கொடுக்கலாம். தொகையும் போதாது. கல்லூரிக்கு மாதம் 25 நாள் போனால் நாளுக்கு 40 ரூபாய். அது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. அதுவும் 2022-ம் ஆண்டு விலையில்!

ஏஜெண்டு கொடுக்கும் முன்பணம்

2021-22 கணக்கின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்கள் 100 பேர் என்றால், கல்லூரிப் படிப்பில் இருப்பவர்கள் 47. நாடு முழுவதும் எடுத்தால் 28 தான். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் மற்ற 53 பேர் எங்கே?

பிளஸ்-2 ரிசல்ட் மே மாதம் வருகிறது. கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. இடையில் உள்ள அந்தச் சில வாரங்களில்தான் ஊருக்குள் மில் ஏஜெண்டு வருகிறார். அவர் கையில் முன்பணம் இருக்கிறது. சர்க்கார் கையில் விண்ணப்பப் படிவம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்து, விண்ணப்பித்து, சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் உதவித் தொகை.

எதைச் சரிபார்க்க வேண்டும்? பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது என்ற பதிவு அரசிடம் இருக்கிறது. ரிசல்ட்டை வெளியிட்டதும் அரசுதான். சேருகிற அன்றே, முதல் 3 மாதத் தொகை 3,000 ரூபாயைப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம்.

"வாங்கிக்கொண்டு பாதியில் நின்றுவிட்டால்?" என்று அதிகாரிகள் கேட்கலாம். 3,000 ரூபாய் போகும். ஏஜெண்டும் அதற்குத் துணிந்துதான் முன்பணம் கொடுக்கிறார்.