பிள்ளையாரும் வந்தேறியா?



நம் சங்க உறுப்பினர் ஒருவருக்குத் துணையாக அண்மையில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். தமிழ் மனுவை மேசைக்காரர் கையால் தொடவில்லை. "இதெல்லாம் நாகர்கோவிலில் கொண்டுபோய்க் கொடு" என்றார். நம்மவர் மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு "சரி சார்" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது அந்த "சரி சார்" மீதுதான்.

நாகர்கோவில் என்ன அயல்நாடா? 1956 அக்டோபர் 31 வரை அதுவும் பழவங்காடியும் ஒரே ராஜ்யம். 18ஆம் நூற்றாண்டின் கடைசி வரை திருவிதாங்கூருக்குத் தலைநகரே இன்றைய குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம்தான். தலைநகர் இங்கே மாறியபோது பட்டாளத்தார் அங்கிருந்து கொண்டுவந்து வைத்தவர்தான் நம் பழவங்காடிப் பிள்ளையார் என்று இந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். அவரையும் திருப்பி அனுப்புவார்களோ? வேடிக்கை இன்னும் உண்டு. பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். பராமரிப்பது கேரள அரசு. 1979இல் ரயில்வே கோட்டம் அமைந்தபோது நாகர்கோவில் பாதை எங்கள் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் சேர்ந்தது. அரண்மனைக்கும் தண்டவாளத்துக்கும் இல்லாத எல்லை, மூட்டை சுமக்கிறவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

எல்லை சும்மாவும் வரவில்லை. நேசமணி தலைமையில் போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, தமிழர்கள் செத்தார்கள். 1955இல் பசல் அலி கமிஷன் அறிக்கை வந்தது. மறு ஆண்டு நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் குமரி மாவட்டமாயின. செங்கோட்டையில் ஒரு பகுதி நெல்லைக்குப் போனது. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கேட்டும் கிடைக்கவில்லை. சாலைக் கடைத்தெருவில் தலைமுறையாக இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே சிறுபான்மை ஆனார்கள். பிழைக்க வந்த நாம் அவர்களோடு சேர்ந்தோம்.

கோடு போட்டவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அதே 1956இல் அரசியல் சட்டத்தில் 350அ பிரிவைச் சேர்த்தார்கள்: மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும். 1969இல் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழர் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். மற்ற அலுவலகங்களில் இந்த உரிமை சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களுக்கு மட்டும். அந்தக் குறையை நாம் தனியாகக் கேட்டாக வேண்டும். ஆனால் கையில் இருப்பதையே நம்மில் எத்தனை பேர் பயன்படுத்தினோம்? கடன் வாங்கிய மலையாளத்தில், எவனோ எழுதித் தந்த மனுவில், என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் கைநாட்டு வைக்கிறோம்.

அந்த உறுப்பினரின் மனுவைத் தமிழிலேயே திருத்தி எழுதி, துறைத் தலைவர் பெயருக்குத் தபாலில் போட்டிருக்கிறோம். நகலும் ரசீதும் சங்கத்தில் இருக்கின்றன. உங்கள் மனுவையும் ஞாயிறு மாலை கொண்டு வாருங்கள். பிள்ளைகளில் தமிழ் எழுதத் தெரிந்தவர்களையும் கூட்டி வாருங்கள். எனக்கு ஒரு கை போதவில்லை.