இரும்புக் கொம்பு

பிக்கப் வண்டி வாங்குகிறவரை நான் குறை சொல்லவில்லை. பணம் அவருடையது, காடு மேடு பார்க்கவேண்டுமென்ற ஆசையும் நியாயமானதுதான். வாங்கிய மறுநாளே அதன் மூக்கில் இரும்புக் குழாயால் ஒரு கொம்பு கட்டுகிறாரே, அதைத்தான் கேட்கிறேன். யாரை முட்ட?

மோதினால் நசுங்கட்டும் என்றே வண்டியின் முன்பகுதியைச் செய்திருக்கிறார்கள். நசுங்குகிற தகடு அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. கொம்போ அதை நேரே சேஸிஸுக்கு அனுப்பிவிடுகிறது. காற்றுப்பை விரியவேண்டிய கணமும் தவறக்கூடும். உள்ளே இருப்பவர் கதி இது. எதிரே வரும் சைக்கிள்காரன் கதி? தகடாவது கொஞ்சம் இடங்கொடுக்கும். இரும்புக் குழாய் கொடுக்காது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுக்கு இது விரோதமென்று 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார் மாநிலங்களுக்கு எழுதிற்று. நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "காட்டிலே மாடு குறுக்கே வந்தால் என்ன சார் செய்வது?" என்றார். மாடு அண்ணா நகரிலும்தான் வருகிறது. அதற்காகவே பிரேக் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

பிறகு இந்த உயரம். ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டு, கூரைமேல் கூடாரமும் தண்ணீர்க் கேனும் ஏற்றினால் கனமெல்லாம் மேலே போய்விடுகிறது. மலைச் சரிவில் கவிழ வேறென்ன வேண்டும்? டயரைப் பெரிதாக்கினால் வேகமானியும் வேகத்தைக் குறைத்துச் சொல்லும்.

மணலில் புதையாமல் போக வழி, டயரில் காற்றை ஏறக்குறையப் பாதியாக இறக்குவது. டயர் பரந்து மணல்மேல் மிதக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் நிரப்பிக்கொள்ள ஒரு சின்னப் பம்பு போதும். காற்றை இறக்கக் காசு வேண்டாம். ஆனால், காற்றிறங்கிய டயரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வாய் பிளக்கமாட்டாரே!