ஒட்டிய தோலும் மூலிகையும்

உடலின் ஓரிடத்துத் தோலை எடுத்துப் பிறிதோரிடத்துப் பொருத்தும் அறுவை முறை நம் நாட்டிற்குப் புதியதன்று. மூக்கிழந்தார்க்குக் கன்னத்துத் தோலால் மூக்கமைக்கும் வகையைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. புனா நகரையடுத்து நெற்றித் தோலால் மூக்கமைத்த செய்தி 1794-ஆம் ஆண்டில் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814-இல் அம்முறையைத் தம் நாட்டிற் கையாண்டார்.

இவ்வறுவையில் அஞ்சத்தக்க இடர், பெயர்த்து வைத்த தோல் மடல் குருதியின்றி அழிந்துபடுதலேயாம். குருதி தடைப்பட்டிருக்குங்கால் திசுக்கள் நலிதல் இயல்பே. வியப்பு யாதெனின், அது மீண்டு பாயும்பொழுதும் கேடு விளைகின்றது. புதுக் குருதி கொணரும் உயிர்வளி, நலிந்த திசுக்களில் கடுவினை புரியும் மூலக்கூறுகளைத் தோற்றுவிக்கின்றது, வெள்ளணுக்கள் நுண்குழாய்ச் சுவர்களிற் படிந்து வழியடைக்கின்றன, வீக்கமும் மிகுகின்றது. நெடும்பட்டினி கிடந்தானுக்குத் திடுமென விருந்திட்டாற் போல்வது இது.

இக்கேட்டைத் தணிக்க மூலிகைகள் உதவுமோவென ஆராய்வார் பலர். சீனர் வழங்கும் டான்ஷென் என்னும் செவ்வேரின் சத்தும், மஞ்சளிலுள்ள குர்க்குமினும் எலிகளின் தோல் மடல்களில் நற்பயன் காட்டியுள்ளன. இதுகேட்டு, 'நம் முன்னோர் அறியாதது யாது?' என்று களிப்பார் ஒருசாரார்; 'பச்சிலையால் ஆவதென்?' என்று எள்ளுவார் மற்றொருசாரார். இரண்டும் ஆராயாத் துணிபே என்பது எம் கருத்து.

எலியின் தோல் தளர்ந்தது. அதன் புண் பெரும்பாலும் சுருங்கி ஆறுவது. மனிதர் தோலோ அத்தன்மைத்தன்று. குர்க்குமின் வாய்வழி உண்ணப்படின் குருதியிற் கலப்பது மிகச் சிறிதே. டான்ஷெனோ, குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வேகத்தை மிகுவிக்க வல்லது. அறுவைக்கு முன் நோயாளி ஒருவர் இத்தகைய கஷாயத்தை மறைவிற் பருகின், மடலின் கீழ்க் குருதி கசிந்து தேங்கி, நாளங்களை நெருக்கி, காக்க வேண்டிய மடலையே அழித்தல் கூடும். மருந்தென்று நம்பியதே பகையாய் முடியும்.

அட்டை விடுதலை நோக்குக. அப்பழைய முறையும் ஒருகாலத்து இகழப்பட்டதே. 1884-இல் ஹேக்ராஃப்ட் என்பார் அட்டையின் வாய்நீரில் குருதி உறையாமற் செய்யும் பொருளுண்டெனக் கண்டார். 2004-இல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அட்டையை மருத்துவக் கருவியாக ஏற்றது. குருதி வடியாது தேங்கிய மடலுக்கு அட்டையும், அதனால் தொற்று நேராமைக்கு வேறு மருந்தும் இன்று வழங்குகின்றனர். சோதனை அப்பழமையை அழிக்கவில்லை. அதன் பயனையும் எல்லையையும் வரையறுத்து, அதற்கு வாழ்வளித்தது.

ஆதலின் மருத்துவமனையார் செய்யத்தக்கது ஒன்றுண்டு: நோயாளி உண்ணும் மூலிகை யாதென இகழ்ச்சியின்றிக் கேட்டல். இகழ்வாரிடத்து எவரும் உண்மை உரையார். மூலிகை மருத்துவர் தம் மருந்தை மனிதரிடத்து முறையான சோதனைக்கு உட்படுத்தக் கூசலாகாது. தமிழ் பயிலும் எமக்கும் இதிற் பங்குண்டு. மருத்துவச் சுவடிகளில் ஒரு பெயர் பல செடிகளையும், ஒரு செடி பல பெயர்களையும் பெற்று வழங்குகின்றது. பெயர் பிழைப்பின் மருந்து பிழைக்கும்; ஆகவே பயிர்நூல் வல்லாருடன் கூடி அச்சுவடிகளைச் செப்பஞ்செய்தல் எம் கடன்.

நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு அமைந்தானல்லன். அடிபட்டவனைச் சத்திரத்திற் சேர்த்துப் பேணுதற்குப் பொருளும் ஈந்தான். மூலிகைகளைப் புகழ்வதோடு அமையாது, அவற்றின் உண்மைப் பயனை ஆய்ந்து காணுதற்குரிய உழைப்பையும் பொருளையும் நல்குதலே நோயுற்றார்க்கு நாம் செய்யும் அன்பாகும்.