மலை இருக்கிறது, வழி எங்கே?

“சுற்றிலும் மேற்குத் தொடர்ச்சி மலை. குற்றாலத்தில் பூங்காவுக்கு நிதி கேட்பது உப்பளத்துக்குப் பக்கத்தில் உப்பு வாங்குவது மாதிரி” என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது உப்பளம் வரை நடக்க முடிந்தவர் பேசும் பேச்சு.

செண்பகாதேவி அருவிக்குக் காட்டுப் பாதையில் ஏற வேண்டும். பேரருவிக்குச் சாரல் காலக் கூட்டத்தில் ஒருவர் சக்கர நாற்காலியோடு போய்ப் பார்க்கட்டும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றதே! அருவி குளிக்கும் இடம். முதியவர் தினமும் மாலையில் உட்காரவும், பிள்ளைகள் நின்று நிதானமாக மரத்தின் பெயர் படிக்கவும் ஏற்ற இடம் அல்ல. ஐந்தருவிப் பக்கம் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறதே என்பார்கள். தென்காசித் தெருவில் இருக்கும் பாட்டி தினமும் பஸ் ஏறி அங்கே போவாரா?

பூங்காச் செலவில் மக்களும் பங்கு போட்டால்தான் ஊருக்கு அக்கறை வரும் என்பது அடுத்த வாதம். அதில் பாதி உண்மை உண்டு. அரசும் மக்களும் சேர்ந்து செலவிடும் ‘நமக்கு நாமே’ திட்டத்தில் பொதுவாகச் செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும். கடைக்காரர்கள் நிறைந்த தெரு அதைத் திரட்டிவிடும். பீடி சுற்றிப் பிழைக்கும் தெரு எங்கே போகும்? நிழலும் காசுள்ள பக்கமே சாயும்.

பொது இடங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்கிற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். பூங்காவுக்கு மதிப்பீடு போடும் அதிகாரிகளே, சாய்தளத்தையும் கழிப்பறையையும் முதல் வரியில் எழுதுங்கள். செயற்கை நீரூற்றையும் செல்ஃபி மேடையையும் மிச்சப் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம்.