மறதியை அளக்கும் கோல்

முதுமையில் நினைவு குன்றினால் "வயதுக் கோளாறு" என்று கூறி வாளாவிருப்பது எமது வழக்கமாகிவிட்டது. அது வெறும் முதுமையா, நோயா என்பதை ஆராய்ந்து உரைப்பவர் நரம்பு உளவியலாளர். கத்தியோ மருந்தோ அவர் கையில் இல்லை. கேள்விதான் அவருடைய கருவி. 1901ஆம் ஆண்டில் பிராங்க்பேர்ட் நகரில் அலோயிஸ் அல்ஸைமர் என்னும் வைத்தியர், அகுஸ்தே என்ற பெண்மணியிடம் பெயர் என்ன, கணவர் பெயர் என்ன என்று வினவி, விடைகளை அப்படியே எழுதிவைத்தார். 1906இல் அவர் மறைந்த பின்னரே அவரது மூளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்பட்டது.

அக்கேள்விகள் அப்பெண்மணியின் தாய்மொழியில், அவரது வாழ்வைத் தழுவி அமைந்தவை. நான் வற்புறுத்த விரும்புவது இதனையே.

1975இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டு உலகெங்கும் பரவிய முப்பது புள்ளிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பின்னிக் கிடக்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும். கண்டியை அடுத்த கலஹாவிலோ தெல்தோட்டையிலோ, பள்ளிக்கூட வாசலை மிதியாமல் கொழுந்து பறித்தே முதிர்ந்த மூதாட்டி இதில் எத்தனை புள்ளி பெறுவார்? எழுத்தறியாமை நோயாகப் பதிவாகும். அதனினும் கொடியது, மெய்யாகவே நோயுற்றவரின் தடுமாற்றம் எழுத்தறியாமையின் கணக்கில் தள்ளப்படுவது. அவரிடம், பதினெட்டுக் கிலோ கொழுந்தில் கூடைக்கும் ஈரத்துக்கும் இரண்டு கிலோ கழித்தால், முழுப்பேர் விழ இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கணக்கப்பிள்ளையே தலைகுனியும்படி விடை வரும்! வராத நாளில்தான் நாம் ஐயுற வேண்டும்.

ஆராய்ச்சி உலகம் இக்குறையை அறியாததன்று. மறதிநோயாளரில் மூன்றில் இரு பங்கினர் வளர்முக நாடுகளில் வாழ, ஆய்வில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதன்று என்ற அவலத்தையே "10/66" என்று தன் பெயராக்கிக்கொண்ட பன்னாட்டுக் குழு ஒன்று உண்டு. வேலூரிலும் அது பணிபுரிந்தது. ஹைதராபாத்தில் 648 நோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியான முடிவோ வியப்புக்குரியது: இருமொழி பேசுவோருக்கு நோய் ஏறத்தாழ நாலரை ஆண்டு பிந்தித் தோன்றியதாம், எழுத்தறியாதோரிடத்தும் அவ்வேறுபாடு காணப்பட்டதாம். எல்லா ஆய்வுகளும் இதனை ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழும் சிங்களமும் ஒருங்கே பேசும் எமது மலையக முதியோரிடம் இதனைச் சோதித்தறிய வேண்டாமா? 1962 முதல் மருத்துவ பீடம் கொண்டுள்ள பேராதனைக்குத் தேயிலைத் தோட்டங்கள் தொலைவில் இல்லை. பிரட்டு என்றால் என்ன, அரைப்பேர் என்றால் என்ன என்று எவரிடமும் கேட்டறியத் தேவையில்லாத லயத்துப் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் பயில்கிறார்கள். அவர்களுள் நால்வரேனும் இத்துறையைத் தேர்ந்தால், அந்த மூதாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தமிழிலேயே பிறக்கும்.