காட்ஸுக்கு எத்தனை மாறிலி?

ரிங் ஃபிரேமின் டாப் ரோலர் காட்ஸை ஃபைனைட் எலிமென்ட் முறையில் அலசும் கட்டுரைகள் இப்போது நமக்கு வரத் தொடங்கியிருக்கின்றன. வரவேற்கிறோம். ஆனால் பலவற்றில் ஒரே சமையல்தான்: டம்பெல் வெட்டி இழுவை மெஷினில் ஒரே ஒரு வரைபடம், அதில் மூனி–ரிவ்லின் ஐந்து மாறிலிகள், பிறகு சிவப்பும் நீலமுமாகத் தகைவுப் படங்கள். படம் அழகாகத்தான் இருக்கிறது. மில்லுக்குள் அது எதைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி.

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்த கரிசல். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த மண். அங்கிருந்து அருப்புக்கோட்டை நூற்பாலைகளுக்கு ஷிப்டுக்குப் போய் ஃபிரேமில் சைடு பார்க்கும் பெண்ணுக்கு ரப்பரின் குணம் நம்மைவிட நன்றாகத் தெரியும். காட்ஸில் பஞ்சு சுற்றுகிறதா, இழை அடிக்கடி அறுகிறதா, எந்த ஸ்பிண்டிலில் என்பதெல்லாம் அவர் விரல் நுனியில். அவர் தினமும் பார்ப்பதை நம் சமன்பாடு விளக்க வேண்டும். விளக்காவிட்டால் அது எத்தனை மாறிலி வைத்திருந்தும் பயனில்லை.

வேலை எளிமையானது. கீழே வரியிட்ட எஃகு ரோலர், மேலே ரப்பர் போர்த்திய ரோலர். இந்தப் போர்வைதான் காட்ஸ். ஒரு காலத்தில் அது தோலாக இருந்தது. இன்று பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். டாப் ஆர்ம் முன் ரோலர் ஜோடியை 10 முதல் 18 கிலோ வரை அமுக்குகிறது. அந்தப் பிடியில் ரப்பர் சப்பையாகி, இழைகளை நழுவவிடாமல் இழுத்துக்கொடுக்கிறது. பிடி அகலமானால் இழை நன்றாக அடங்கும், ஆனால் ரப்பர் சீக்கிரம் தேயும். மெத்தென்ற காட்ஸா, கெட்டியான காட்ஸா என்ற பழைய சண்டை முழுவதும் இதுதான்.

அந்தச் சண்டையில் நாம் பேசும் மொழி ஷோர் ஏ. 65, 75, 83 என்று எண் சொல்கிறோம். எண்கள் சீராக ஏறுவதால் கெட்டியும் சீராக ஏறும் என்று நினைத்துவிடுகிறோம். ஆலன் ஜென்ட் 1958இல் கொடுத்த தொடர்பில் போட்டுப் பாருங்கள்: 65க்கு யங் குணகம் 4.4 மெகாபாஸ்கல், 75க்கு 7, 83க்கு 11.4. அதாவது பத்துப் புள்ளி ஏறினால் குணகம் அறுபது சதவீதம் கூடுகிறது. இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். ஷோர் அளவுகோலுக்கு மாதிரியின் தடிமன் குறைந்தது 6 மி.மீ. இருக்க வேண்டும் என்பது விதி. 19 மி.மீ. துளையும் 30 மி.மீ. வெளிவிட்டமும் உள்ள புதுக் காட்ஸின் சுவரே 5.5 மி.மீ. தான், அதுவும் வளைந்த பரப்பு. பஃபிங் செய்யச் செய்ய ஷோர் எண் கூடுகிறது என்றால் ரப்பர் இறுகியதா, சுவர் மெலிந்து உள்ளே இருக்கும் உலோகம் ஊசிக்குப் பதில் சொல்கிறதா? பஃபிங் பதிவேட்டில் ஷோருக்கு ஒரு பத்தி இருக்கும். சுவர் தடிமனுக்கும் ஒரு பத்தி போட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இனி மாறிலிகள். ஒரு காட்ஸுக்கு 70 நியூட்டன் வீதம், சுமார் 27 மி.மீ. நீளத்தில் அமுக்குவதாக வைத்து ஹெர்ட்ஸ் சூத்திரத்தில் கையாலேயே கணக்குப் போடலாம். 75 ஷோரில் பிடியின் அகலம் 3 மி.மீ.க்குச் சற்று மேல், 65இல் 4 மி.மீ. பிடிக்குள் திரிபு பத்து சதவீதத்தை ஒட்டி நிற்கும். ட்ரெலோர் 1944இல் ரப்பரை ஏழு மடங்குக்கு மேல் இழுத்து எடுத்த தரவுகளைப் பொருத்தத்தான் ஆக்டன் 1972இல் தன் பல உறுப்புச் சமன்பாட்டைக் கொண்டுவந்தார். பத்து சதவீதத்தில் நிற்கும் காட்ஸுக்கு அந்தக் கருவி எதற்கு? நியோ–ஹூக்கின் ஒற்றை மாறிலி போதும். ஐந்து மாறிலி போட்டால் நான்கு மாறிலிகள் டம்பெல்லின் கடைசி நீட்சியைப் பொருத்துவதற்கே செலவாகும். காட்ஸ் அந்த நீட்சியைக் கனவில்கூடக் காணாது.

தவிர, டம்பெல் ஒரு பக்கம் இழுக்கிறது, காட்ஸ் நசுங்குகிறது. மெல்வின் மூனியின் 1940 கட்டுரையில் தோன்றி, ரிவ்லின் 1948இல் ஒழுங்குபடுத்திய அந்த இரண்டாம் மாறிலியை ஒற்றைத் திசை இழுவையிலிருந்து மட்டும் எடுத்தால் அமுக்கத்துக்கு அது பொய் சொல்லும். ரப்பர் ஆலைகளில் ‘மூனி எவ்வளவு?’ என்று கேட்காத பேட்ச் கிடையாது. அந்த எண்ணைத் தரும் விஸ்காமீட்டரைக் கண்டுபிடித்தவரும் இதே மூனிதான்.

பாய்ஸான் விகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மென்பொருள் முரண்டு பிடிக்காமல் இருக்க 0.49 போடுகிறார்கள். அப்போது பருமக் குணகம் விறைப்புக் குணகத்தைப் போல் 50 மடங்கு, 0.4995 போட்டால் ஆயிரம் மடங்கு. சுவர் பிடியைவிடத் தடிமனான காட்ஸில் இது பெரிய வித்தியாசம் காட்டாது. நாலாபுறமும் அடைபட்ட ரப்பர் புஷ்ஷில் விடையே மாறிவிடும்.

ஆனால் பத்து சதவீதத்துக்குள் ரப்பர் நேர்க்கோட்டில் நடக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நிரப்பி கலந்த ரப்பரில் அலைவின் வீச்சு கூடக்கூடக் குணகம் இறங்குவது பேய்ன் விளைவு. அது இந்தச் சிறு திரிபு எல்லையில்தான் முழு வீரியத்தோடு இருக்கும். வெப்பமும் அப்படித்தான். சோதனைக்கூடத்தில் 23 டிகிரி, ரிங் ஃபிரேம் பகுதியில் 33 என்று வைத்துக்கொண்டால், ரப்பர் மூலக்கூறுக் கோட்பாட்டின்படி விறைப்பு மூன்று சதவீதம் ஏற வேண்டும். நிரப்பி கலந்த ரப்பரோ இளகவே செய்யும். நம் கட்டுரைகளில் பேய்னும் இல்லை, வெப்பநிலையும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் நேரம் இல்லை. ஹைப்பர்எலாஸ்டிக் சமன்பாட்டுக்கு ஞாபகசக்தி கிடையாது. சுமை போனால் அந்தக் கணமே பழைய வடிவம், அவ்வளவுதான். நிமிடத்துக்கு 18 மீட்டர் போகும் ஃபிரேமில் காட்ஸின் ஒவ்வொரு புள்ளியும் நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் நசுங்குகிறது. ஒரு நாளில் இரண்டே முக்கால் லட்சம் தடவை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகப் போகிறது. அதைவிடக் கொடியது நிறுத்தம். ஃபிரேம் நிற்கும்போது ஆர்மைத் தூக்காமல் விட்டால், அமுங்கிய இடம் அமுங்கியபடியே பழகிவிடுகிறது. மறுபடி ஓட்டினால் நூலின் ஸ்பெக்ட்ரோகிராமில் 9 செ.மீ. பக்கம் ஒரு கூம்பு எழுகிறது; காட்ஸின் சுற்றளவு அது. மேஸ்திரிக்கு இது தெரியும், அதனால்தான் ‘ஆர்மைத் தூக்கு’ என்று கத்துகிறார். எத்தனை மணி நேரம் நின்றால் எவ்வளவு பள்ளம், ஓடத் தொடங்கிய பின் எத்தனை நேரத்தில் அது தணியும்? நம் ஆலைகளுக்குத் தேவையான கேள்வி இது. ஐந்து மாறிலி மூனி–ரிவ்லினால் இதற்கு ஒரு சொல்கூடப் பதில் தர முடியாது. ஒற்றை மாறிலியோடு இரண்டு மூன்று தளர்வு நேரங்களைச் சேர்த்த பாகுமீள் சமன்பாடு தரும்.

இதில் நமக்கு அந்நியமான கணிதம் எதுவும் இல்லை. சென்னை ஐஐடியில் 1973இல் பி.டெக். முடித்து, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே.ஆர். ராஜகோபால், பொருள் தன் இயல்பான வடிவத்தையே மாற்றிக்கொள்ளும் நிலையைக் கணிதமாக்கினார். தகைவைத் திரிபின் சார்பாகத்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2003இல் கேள்விக்குள்ளாக்கினார். ஒரு ராத்திரி நின்ற ஃபிரேமின் காட்ஸுக்குப் ‘பழைய வடிவம்’ எது என்று கேட்டால் அந்தச் சிந்தனையின் வாசலுக்கு வந்துவிடுகிறோம்.

ஆகவே வாசகர்களிடம் நாம் கேட்பது இழுவை வரைபடத்தை அல்ல. காட்ஸ் கலவையை அமுக்கத்தில், 15 சதவீதம் வரை, ரிங் ஃபிரேம் பகுதியின் வெப்பநிலையில் சோதித்த தரவு. மாறா அமுக்கத்தில் எட்டு மணி நேரமாவது வைத்தெடுத்த தளர்வு வரைபடம். சுமை எடுத்தபின் மீண்ட அளவு. சோதித்த அன்றைய சுவர் தடிமன். முடிந்தால் அதே காட்ஸ் ஓடிய நூலின் ஸ்பெக்ட்ரோகிராம். ஆலைப் பொறியாளர்களும் ரப்பர் கலவைக்காரர்களும் சேர்ந்து அனுப்பினால் முதலில் பரிசீலிப்போம். டம்பெல் வரைபடம் ஒன்றை மட்டும் வைத்து ஐந்து மாறிலி பொருத்திய கட்டுரைகளை அடுத்த இதழிலிருந்து திருப்பி அனுப்புவோம்.